பைபிள் ஒன்று, ஓட்டு இரண்டு

சென்ற மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நமது சங்கப் படிப்பகத்தில் ஒரு வாதம் மூண்டது. பத்திரிகைகளை மடித்து அடுக்கிவிட்டு விளக்கை அணைக்கப் போகும் நேரம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், “அமெரிக்கா முன்னேறியதற்குக் காரணமே அங்கே மதம் வீட்டோடு நிற்பதுதான். அரசியலுக்குள் அதை விடுவதில்லை” என்றார். மில்லில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி சும்மா இருப்பாரா? “போங்க தம்பி! அங்கே பாதிரிமார் யாரைக் கை காட்டுகிறார்களோ அவனுக்குத்தான் ஓட்டு. டி.வி.யிலே தினமும் அதைத்தானே சொல்கிறான்!” என்று ஒரே போடாகப் போட்டார்.

இருவருமே நன்றாகப் படிக்கிறவர்கள். இருவர் சொன்னதும் பாதி உண்மை. பதில் சொல்லத் தொடங்கினேன். லோக்கல் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். “வாயால் சொன்னது போதும், எழுதிக் கொடுங்கள்” என்றார் ஆசிரியர் தோழர். எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. இரவு டியூட்டியில் வண்டிக்கும் வண்டிக்கும் இடையே, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துச் சேர்த்த சரக்கு இது.

முதலில் சட்டம். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டம், எந்த அரசாங்கப் பதவிக்கும் மதச் சோதனை கூடாது என்று சொல்லிவிட்டது. 1791இல் வந்த முதல் திருத்தம், ஒரு மதத்தை அரசு மதமாக நிறுவவோ, ஒருவருடைய வழிபாட்டைத் தடுக்கவோ காங்கிரஸ் சட்டம் இயற்றக்கூடாது என்றது. 1802இல் ஜனாதிபதி ஜெபர்சன், கனெக்டிகட் மாநிலத்து டான்பரி ஊர் பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய கடிதத்தில், சர்ச்சுக்கும் அரசுக்கும் நடுவே எழுந்த மதில் என்று இதனை வர்ணித்தார். தம்பி பார்த்தது இந்த மதிலைத்தான்.

ஆனால் அந்த மதில் எதைத் தடுத்தது? அரசாங்கக் கஜானாவிலிருந்து சபைகளுக்குப் பணம் போவதைத் தடுத்தது. அதுவும் உடனே அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலம் 1833 வரை வரிப்பணத்தில் சபைகளைப் போஷித்துக்கொண்டிருந்தது. போதகர் மேடையேறி அரசியல் பேசுவதை எந்த மதிலும் தடுக்கவில்லை. அடிமை முறையை ஒழிக்கவேண்டும் என்று முழங்கியவர்களில் போதகர்கள் உண்டு. அடிமை முறைக்குப் பைபிளிலேயே ஆதாரம் காட்டியவர்களிலும் போதகர்கள் உண்டு. அடிமைகளை வைத்திருப்பவன் மிஷனரி ஆகலாமா என்ற தகராறில்தான் 1845இல் தென்மாநில பாப்டிஸ்டுகள் தனிச் சபையாகப் பிரிந்தார்கள்.

கஜானா கதவு அடைபட்டதும் ஒவ்வொரு போதகரும் தம் கூட்டத்தைத் தாமே சேர்த்து, தம் காணிக்கைத் தட்டைத் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் 26 பிஷப்புகள் பிரபுக்கள் சபையில் பதவி உரிமையாலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே கோயில்கள் காலி. அமெரிக்காவில் எந்த பிஷப்புக்கும் அப்படி ஓர் ஆசனம் கிடையாது. எனினும் ஜனாதிபதி எவரும் கடவுள் பெயரைச் சொல்லாமல் ஒரு பெரிய பிரசங்கத்தை முடித்துவிட முடிவதில்லை. (பள்ளிப் பிள்ளைகளின் கொடி உறுதிமொழியில் ‘கடவுளின் கீழ்’ என்ற சொல் சேர்ந்தது 1954இல்தான், ‘கடவுளை நம்புகிறோம்’ என்பது தேசிய வாசகமானது 1956இல்தான். கம்யூனிஸ்டு ரஷ்யாவோடு பனிப்போர் நடந்த காலம் அது. ஆதிகாலந்தொட்டு வந்ததென்று அந்நாட்டவரிலேயே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.)

கூட்டம் சேர்க்கும் கலையில் தேர்ந்த இந்தப் போதகர்கள் வானொலி வந்தபோது சும்மா விடுவார்களா? நம் அண்ணாச்சி சொல்லும் ‘டி.வி.க்காரன்’ கதை இங்கேதான் தொடங்குகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

மிச்சிகன் மாநிலத்தில் ராயல் ஓக் என்ற ஊரில் காக்லின் என்றொரு கத்தோலிக்கப் பாதிரியார். 1926இல் வானொலியில் பேசத் தொடங்கினார். 1930களில் வேலையும் சோறும் இல்லாமல் அமெரிக்கத் தொழிலாளி திண்டாடியபோது, பாங்கு முதலாளிகளைச் சாடினார். கோடிக்கணக்கானவர்கள் காது கொடுத்தார்கள். 1932இல் ரூஸ்வெல்டை ஆதரித்தார். பிறகு அவரையே எதிர்த்தார். அதன்பின் யூதர்கள்மேல் விஷத்தைக் கக்கினார். ஏழையின் பசியைப் பேசத் தொடங்கிய நாக்கு எங்கே போய் நின்றது பாருங்கள்! யுத்தம் வந்தது, 1942இல் மேலிடத்துப் பேராயர் வாயை மூடச் சொன்னார், மூடினார். 

காக்லினைக் கண்டு பயந்துபோன வானொலிக் கம்பெனிகள் ஒரு முடிவுக்கு வந்தன. சர்ச்சைக்குரிய பேச்சுக்கு நேரத்தை விலைக்கு விற்பதைக் குறைத்தார்கள். பெரிய புரொட்டஸ்டண்டு சபைகளின் கூட்டமைப்பு, கத்தோலிக்கர், யூதர் ஆகிய மூவருக்கும் இலவசமாக நேரம் ஒதுக்கினார்கள். மரியாதையான, மழுப்பலான பிரசங்கங்கள். சிறு சபைகளின் சுவிசேஷப் போதகர்களுக்கு இலவசமும் இல்லை, விலைக்கும் கஷ்டம். அவர்கள் ஒன்று கூடி 1944இல் தேசிய மத ஒலிபரப்பாளர் சங்கத்தை அமைத்தார்கள். இந்தச் சங்கத்தின் பெயரை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் மீண்டும் வரும்.

1960இல் அமெரிக்க ஒலிபரப்புக் கமிஷன் ஒரு தீர்மானம் செய்தது. பொதுநலனுக்காக ஒவ்வொரு நிலையமும் கொஞ்ச நேரம் ஒதுக்கவேண்டும் என்பது விதி. காசு வாங்கிக்கொண்டு மதப் பிரசங்கம் ஒலிபரப்பினாலும் அது பொதுநலக் கணக்கில் சேரும் என்று கமிஷன் சொல்லிவிட்டது. அப்புறம் எந்த நிலையக்காரன் இலவசமாகக் கொடுப்பான்? ஞாயிற்றுக்கிழமைக் காலை நேரம் ஏலத்துக்கு வந்தது. காசு திரட்டத் தெரிந்தவன் வாங்கினான். காசு திரட்டத் தெரியாத, திரட்டக் கூச்சப்பட்ட பழைய சபைகள் வெளியே நின்றன. 

வர்ஜீனியாவில் பாட் ராபர்ட்சன் என்ற போதகர், செனட்டர் மகன், 1961இல் ஒரு சின்ன டி.வி. நிலையத்தைத் தொடங்கினார். 1963இல் நிலையம் நடத்தப் பணம் போதவில்லை. நேயர்களில் 700 பேர் ஆளுக்கு மாதம் 10 டாலர் தந்தால் போதும் என்று திரையில் வந்து கேட்டார். கணக்கு 7,000 டாலர். ‘700 கிளப்’ என்ற பெயர் பெற்ற நிகழ்ச்சியின் பிறப்பு இதுதான். நாம் சங்கத்துக்குச் சந்தா பிரிக்கிற மாதிரியேதான் பிரித்திருக்கிறார்! நாம் படியேறிக் கதவைத் தட்டுகிறோம். அவர் கண்ணாடித் திரைக்குள்ளிருந்து தட்டினார். அவ்வளவே வித்தியாசம். அதே மனிதர் 1988இல் ஜனாதிபதி பதவிக்கு நின்று, அயோவா மாநிலக் கட்சித் தேர்தலில், அன்றைய துணை ஜனாதிபதி புஷ்ஷையே பின்னுக்குத் தள்ளி இரண்டாம் இடம் பிடித்தார்.

இன்னொரு சம்பவமும் இந்த இடத்தில் சொல்லத்தக்கது. 1964இல் பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் என்ற போதகர், பென்சில்வேனியாவில் ரெட் லயன் என்ற சிற்றூர் வானொலி வழியாக ஒரு பத்திரிகை எழுத்தாளரைத் தாக்கிப் பேசினார். எழுத்தாளர், பதில் சொல்ல எனக்கும் நேரம் கொடு என்றார். காசு கொடு என்றது நிலையம். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1969இல் தீர்ப்பு: தாக்கப்பட்டவனுக்குப் பதில் சொல்லும் நேரம் தரவேண்டும், காற்றலை நிலையக்காரனின் சொத்து அல்ல, கேட்கிற மக்களின் உரிமையே பெரிது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையாயிருந்த நியாய விதியை 1987இல் ரீகன் காலத்துக் கமிஷன் கைவிட்டது. ஒரு பக்கம் மட்டுமே நாள் முழுதும் முழங்கலாம் என்றாயிற்று. இன்று அண்ணாச்சி வீட்டு டி.வி.யில் எட்டிப் பார்க்கிற அமெரிக்கக் கூச்சல், அந்த விதி போனபின் வளர்ந்த கூச்சல்.

சரி, இவர்கள் அரசியலுக்கு வந்தது எப்போது? எதற்காக? 

வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரில் ஜெரி ஃபால்வெல் என்ற பாப்டிஸ்டு போதகர் இருந்தார். 1965 மார்ச்சில், செல்மாவிலிருந்து கறுப்பின மக்கள் ஓட்டுரிமை கேட்டு நடந்தபோது, அவர் ஒரு பிரசங்கம் செய்தார். அந்த நடைப்பயணத்தில் போதகர்களும் சேர்ந்திருந்தார்கள் அல்லவா? அவர்களைக் கண்டித்தார். போதகனுக்கு அரசியல் எதற்கு, ஆத்துமாக்களை மீட்பதே அவன் தொழில் என்றார். 14 வருஷம் கழித்து, 1979இல், அதே ஃபால்வெல் ‘ஒழுக்கப் பெரும்பான்மை’ என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கி ஊர் ஊராகப் போனார். கறுப்பன் உரிமைக்காகப் போதகன் நடந்தால் அது அரசியல். தன் காரியத்துக்குத் தான் நடந்தால் அது கடவுள் பணி!

கருக்கலைப்பு உரிமையை 1973இல் சுப்ரீம் கோர்ட்டு கொடுத்தது. அதைக் கண்டு கொதித்தெழுந்து வந்தார்கள் என்றுதான் பத்திரிகைகள் எழுதுகின்றன. ஆனால் தென்மாநில பாப்டிஸ்டு சபையே 1971இல், பலாத்காரம், தாயின் உடல் மன நலம் போன்ற காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. கொதிப்பு வேறிடத்தில் இருந்தது என்று அந்த இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரான பால் வைரிக் பிற்காலத்தில் சொன்னார். கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் சேர்ந்து படிக்கவேண்டும் என்று 1954இல் தீர்ப்பு வந்தபின், தென்மாநிலங்களில் ‘கிறிஸ்தவப் பள்ளி’ என்ற பெயரில் தனியார் பள்ளிகள் புறப்பட்டன. ஃபால்வெல்லும் 1967இல் ஒன்று திறந்தார். நிறம் பார்த்துச் சேர்க்கும் பள்ளிகளுக்கு வரிவிலக்கு கிடையாது என்று 1970களில் வரி இலாகா கைவைத்தது. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் வரிவிலக்கை இழந்தது. 1983இல் சுப்ரீம் கோர்ட்டும் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதையே உறுதி செய்தது. போதகர்களைக் களத்துக்கு இழுத்தது இதுதான் என்றார் வைரிக். இதை ஒப்புக்கொள்ளாத சரித்திர ஆசிரியர்களும் உண்டு. எனக்கு வைரிக் சொல்வதே பொருத்தமாகப் படுகிறது. முழுநேர ஊழியனாக இயக்கம் கட்டியவன், எந்தக் கோரிக்கைக்கு ஆள் வந்தான் என்பதை மறக்கமாட்டான்.

வேடிக்கை என்னவென்றால், அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் ஜிம்மி கார்ட்டர். ஞாயிறுதோறும் பைபிள் வகுப்பு நடத்தியவர். தொண்ணூறு வயதுக்கு மேலும் தம் சொந்த ஊர்ச் சபையில் நடத்தியவர். 2024 டிசம்பரில் நூறு வயதில் காலமானார். அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட 1976ஐ ‘சுவிசேஷக் கிறிஸ்தவரின் ஆண்டு’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. நான்கே வருஷத்தில், 1980இல், அந்த பக்திமானைத் தள்ளிவிட்டு, விவாகரத்து ஆன சினிமா நடிகர் ரீகனுக்கு ஒழுக்கப் பெரும்பான்மையார் வேலை செய்தார்கள். அப்படியானால் ஓட்டைத் தீர்மானித்தது பக்தியா?

பத்திரிகை விமர்சகர்களின்மேல் எனக்குள்ள பெரிய குறையைச் சொல்லவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம்.

அமெரிக்கத் தேர்தல் நாளில் ஓட்டுப் போட்டு வெளியே வருகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கணக்கெடுக்கிறார்கள். 2016இலும் 2024இலும் வந்த கணக்குப்படி, வெள்ளைச் சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் டிரம்ப்புக்குப் போட்டார்கள். இந்த எண் உலகமெல்லாம் சுற்றி வந்தது. நம் ஊர்ப் பத்திரிகைகளில் வரும்போது ‘வெள்ளை’ என்ற சொல் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. ‘கிறிஸ்தவர் ஓட்டு டிரம்ப்புக்கு’ என்று தலைப்பு! கறுப்பினப் புரொட்டஸ்டண்டுகளைப் பாருங்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ‘மறுபிறப்பு அடைந்தவர்கள்’ என்றே தம்மைச் சொல்லிக்கொள்கிறவர்கள். அதே பைபிள். பல இடங்களில் அதே பாப்டிஸ்டு பெயர். ஞானஸ்நானமும் அதே மாதிரி தண்ணீரில் முழுக்கித்தான். அவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் எதிர்க்கட்சிக்குப் போடுகிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையாரை அப்படியே வண்டியேற்றி வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போகும் பழக்கமும் அவர்களிடம் உண்டு. மதம்தான் ஓட்டைத் தீர்மானிக்கிறது என்றால், ஒரே மதம் இப்படி இரண்டாகப் போடுவானேன்?

மார்ட்டின் லூதர் கிங் யார்? போதகர். 1955இல் மான்ட்கோமரி நகரில் பஸ் பகிஷ்காரம் எங்கே திட்டமிடப்பட்டது? சர்ச்சுகளில். 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதம் யாருக்குப் பதில்? பொறுமையாக இருங்கள் என்று அறிக்கை விட்ட எட்டு வெள்ளை மதகுருக்களுக்கு. கிங் போதகராயிருந்த அட்லாண்டா எபனேசர் பாப்டிஸ்டு சபையின் இன்றைய போதகர் ரஃபேல் வார்னாக், 2021 ஜனவரியில் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதெல்லாம் அரசியலில் மதம் இல்லையா? ஆனால் விமர்சகர்களின் அகராதியில் இதற்கு ‘கறுப்பர் ஓட்டு’ என்று பெயர். ‘மதவாதிகள் ஓட்டு’ என்றால் வேறு ஆள்கள்.

இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2001 செப்டம்பர் 11இல் விமானத் தாக்குதல். இரண்டு நாள் கழித்து ‘700 கிளப்’பில் ஃபால்வெல் பேசினார்; கருக்கலைப்பு செய்கிறவர்கள், பெண்ணுரிமைக்காரர்கள், ஒருபாலினத்தவர் ஆகியோரால்தான் இது நேர்ந்தது என்ற பொருள்பட. கண்டனம் எழுந்தது, மன்னிப்புக் கேட்டார், கட்சித் தலைவர்கள் அவரிடம் போவதும் வருவதும் நின்றுவிடவில்லை. 2008 மார்ச்சில், ஒபாமாவின் சிகாகோ சபைப் போதகர் ஜெரமையா ரைட், பல வருஷம் முன்பு தம் நாட்டின் பாவங்களைச் சபித்துப் பேசிய சில வினாடிகளை டி.வி.க்கள் இரவும் பகலும் ஓட்டின. (அவர் இளமையில் அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவர்.) அந்தக் கொந்தளிப்பை அடக்க ஒபாமா மார்ச் 18இல் பிலடெல்பியாவில் இன வேற்றுமை பற்றி நீண்ட உரை ஆற்றவேண்டியதாயிற்று, கடைசியில் அந்தச் சபையிலிருந்தே விலகினார். இதே சமயத்தில் அவர் ரகசிய முஸ்லிம் என்ற வதந்தியும் நடந்துகொண்டிருந்தது! ஒரே ஆள் முஸ்லிம் என்றும் குற்றம், கிறிஸ்தவப் போதகர் பேச்சைக் கேட்டார் என்றும் குற்றம்.

2004 தேர்தல் கதை இன்னும் சுவையானது. அந்த வாசல் கணக்கில், எது முக்கியமென்று கேட்டதற்கு 22 சதவிகிதம் பேர் ‘ஒழுக்க நெறிகள்’ என்று குறித்தார்கள். பொருளாதாரம் 20, பயங்கரவாதம் 19, ஈராக் 15. உடனே, ஒழுக்கம்தான் புஷ்ஷை ஜெயிக்க வைத்தது, பக்தர்கள்தான் நாட்டை ஆளுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். 19ஐயும் 15ஐயும் கூட்டிப் பார்த்தால் 34! யுத்த பயம்தான் முதலிடம். ‘ஒழுக்கம்’ என்ற சொல்லை யார் எந்தப் பொருளில் குறித்தார் என்று யார் கண்டது? யுத்தம் தொடுத்ததே ஒழுக்கக்கேடு என்று எண்ணியவரும் குறித்திருக்கலாமே! பார்சல் ஆபீசில் இப்படிக் கூட்டல் தவறினால் எங்கள் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

எனக்கு இது புதிதல்ல. சில வருஷங்களுக்கு முன் ஒரு தேர்தல் சமயம், ஆங்கில நாளேட்டு நிருபர் ஒருவர் நம் பகுதிக்கு வந்தார். “தமிழர் ஓட்டு யாருக்கு?” என்று கேட்டார். இந்தச் சந்தில் தோல் வேலை செய்கிறவர் உண்டு, இட்லிக்கடைக்காரர் உண்டு, குமாஸ்தா உண்டு. கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், மாதா கோயிலுக்குப் போகிறவர் எல்லோரும் உண்டு. ஆளுக்கொரு கட்சி என்றேன். குறித்துக்கொண்டார். மறுநாள் பத்திரிகையில் என்ன வந்தது? லெட்டர்பேடு அச்சடித்து வைத்திருக்கும் ஒரு பிரமுகர், தமிழர் ஓட்டு முழுதும் தம் பையில் இருப்பதாகச் சொன்ன அறிக்கை. நம் கிளையில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது! இங்கே லெட்டர்பேடு, அங்கே டி.வி. நிலையம். வைத்திருக்கிறவனைக் கேட்டு எழுதுவது நிருபருக்குச் சுலபம். தெருவில் நின்று கேட்டு எழுத நாழியாகும்.

டிரம்ப் விஷயத்துக்கு வருவோம். 2016 ஜனவரியில், ஃபால்வெல் நிறுவிய லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் பேசும்போது, பைபிளின் இரண்டாம் கொரிந்தியரை அவர் ‘இரண்டு கொரிந்தியர்’ என்று வாசித்தார். பத்திரிகைகள் சிரித்தன. வேதமே தெரியாத, மூன்று கல்யாணம் செய்த மனிதருக்குப் பக்தர்கள் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்று அன்றிலிருந்து ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சங்கத்தில் வேலை செய்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஏது? கோரிக்கைப் பட்டியலைக் கொண்டுபோய் மேஜைமேல் வைக்கும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி உத்தமனா என்று பார்க்கிறோமா? கையெழுத்துப் போடுவானா என்றுதான் பார்க்கிறோம். அவர்கள் பட்டியலில் முதல் கோரிக்கை நீதிபதிகள். 2016 மே மாதம் டிரம்ப், தாம் நியமிக்கக்கூடிய நீதிபதிகள் பெயர்ப் பட்டியலையே வெளியிட்டார். முதல் ஆட்சிக்காலத்தில் சுப்ரீம் கோர்ட்டுக்கு மூவரை நியமித்தார். 2022 ஜூன் 24இல் 1973ஆம் வருஷத் தீர்ப்பு ரத்தாயிற்று. பேரம் படிந்தது, சரக்கு வந்து சேர்ந்தது.

விலை என்ன என்று கேட்கலாம். 1999இல் அமெரிக்கர்களில் 70 சதவிகிதம் பேர் ஏதோ ஒரு சர்ச்சிலோ கோயிலிலோ உறுப்பினர். 2020இல் அது 47 என்று காலப் கணக்கு சொல்கிறது. 1937இல் கேட்கத் தொடங்கியதிலிருந்து பாதிக்குக் கீழே போனது அதுவே முதல் தடவை. போதகர்களின் அரசியல் குரல் ஓங்க ஓங்க, பெஞ்சுகள் காலியாயின. அரசியலைப் பார்த்து வெறுத்துப்போய் வெளியேறியவர்கள் கணிசம் என்று சில சமூகவியல் ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

கத்தோலிக்கர் கதை வேறு விதம். 1928இல் அல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது, இவர் வந்தால் போப்பாண்டவர் ஆட்சி நடக்கும் என்று பிரசாரம் செய்தார்கள், தோற்றார். 1960 செப்டம்பர் 12இல் கென்னடி ஹூஸ்டன் நகரத்துப் புரொட்டஸ்டண்டு போதகர்கள் மத்தியில் போய் நின்று, என் சபை எனக்கு உத்தரவு போடாது, மனச்சாட்சியும் பதவியும் மோதினால் பதவியை விடுவேன் என்ற பொருளில் பேசினார், ஜெயித்தார். 2021இல் இரண்டாவது கத்தோலிக்க ஜனாதிபதியாக பைடன் வந்தார். சபை சொல்வதைக் கருக்கலைப்பு விஷயத்தில் கேட்கவில்லை என்று அவருக்கு நற்கருணை கொடுக்கலாமா வேண்டாமா என்று பிஷப்புகள் அதே வருஷம் விவாதித்தார்கள்! அறுபது வருஷத்தில் கேள்வி தலைகீழாகிவிட்டது. கென்னடியைக் கேட்டது, சபைக்குக் கீழ்ப்படிவாயோ என்று. பைடனைக் கேட்டது, ஏன் கீழ்ப்படியவில்லை என்று.

நாமெல்லாம் பிழைக்க வந்தவர்கள். ஆகவே கடைசியாக ஒன்றை விட்டுவிட முடியாது. 1980களில் எல் சால்வடார், குவாதமாலா நாடுகளில் படுகொலைக்குத் தப்பி வந்தவர்களை ரீகன் அரசு அகதிகளாக ஏற்க மறுத்தது. 1982 மார்ச் 24இல் அரிசோனா மாநிலம் டூசான் நகரில், சவுத்சைடு பிரஸ்பிடேரியன் சபையின் போதகர் ஜான் ஃபைஃப், எங்கள் கோயில் அகதிகளுக்கு அடைக்கலம் என்று வெளிப்படையாக அறிவித்தார். நாடெங்கும் பல சபைகள் தொடர்ந்தன. அரசாங்கம் என்ன செய்தது? ஒலிப்பதிவுக் கருவியை உடம்பில் மறைத்த ஒற்றர்களைச் சபைக் கூட்டங்களுக்குள் அனுப்பியது. 1986இல் ஃபைஃப் உட்பட எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள். ஒழுக்கப் பெரும்பான்மை பேசிய அதே ஆட்சிதான் கோயிலுக்குள் ஒற்றன் வைத்தது.

2025 ஜனவரி 21இல் வாஷிங்டன் தேசியக் கதீட்ரலில் பிஷப் மரியான் பட்டி, எதிரே உட்கார்ந்திருந்த டிரம்ப்பைப் பார்த்து, பயந்து கிடக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்பங்கள்மேல் இரக்கம் காட்டுங்கள் என்றார். ஜனாதிபதி அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்; அவர் கேட்கவில்லை. அந்த நாள்களிலேயே, சர்ச்சு, பள்ளிக்கூடம் போன்ற இடங்களில் குடியேற்றப் போலீஸ் புகக்கூடாதென்று இருந்த கட்டுப்பாடு நீக்கப்பட்டது. குவேக்கர் சபையார் கோர்ட்டுக்குப் போனார்கள்; பிப்ரவரியில் மேரிலாண்டு நீதிபதி அவர்கள் வழிபாட்டு இடங்களுக்கு மட்டும் தடை உத்தரவு தந்தார். துணை ஜனாதிபதி வான்ஸ், தாமே கத்தோலிக்கர்; தம் பிஷப்புகள் அகதிகளுக்காகப் பேசுவது பணத்துக்காகவோ என்று கேட்டார். போப் பிரான்சிஸ் பிப்ரவரி 10இல் அமெரிக்க பிஷப்புகளுக்குக் கடிதமே எழுதினார். நவம்பரில் பிஷப்புகள் பால்டிமோரில் கூடி, கண்மூடித்தனமான நாடு கடத்தலை எதிர்த்து அறிக்கை விட்டார்கள்.

அதே 2025 ஜூலையில், டெக்சாஸ் கோர்ட்டில் வேறொரு காரியம் நடந்தது. வரிவிலக்குப் பெறும் சபைகள் வேட்பாளரை ஆதரிக்கக்கூடாதென்று 1954இல் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த விதி. வழிபாட்டின்போது சபையாரிடம் வேட்பாளர் பற்றிச் சொல்வது அந்த விதியை மீறியதாகாது என்று வரி இலாகாவே எழுதிக் கொடுத்தது. வழக்குப் போட்டவர்களில் முதல் பெயர் எது தெரியுமா? 1944இல் தொடங்கிய அந்தத் தேசிய மத ஒலிபரப்பாளர் சங்கம்தான்!

இரண்டும் மதம்தான், இரண்டும் அரசியல்தான். தம்பி மதிலை மட்டும் பார்த்தார். அண்ணாச்சி ஒலிபெருக்கியை மட்டும் பார்த்தார். டூசான் கோயிலின் பின்கட்டில் படுத்திருந்த சால்வடார்க்காரனை இருவருக்கும் யாரும் காட்டவில்லை.

வரும் இரண்டாம் ஞாயிறு மாலை 6 மணிக்குக் கென்னடியின் ஹூஸ்டன் பேச்சு ஒலிப்பதிவைப் படிப்பகத்தில் போடுகிறோம். தம்பி தம் கம்ப்யூட்டரைக் கொண்டுவருகிறார். நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வது என் பொறுப்பு. நான் எழுதியதில் பாதியை மறுக்கப் போவதாக அண்ணாச்சி இப்போதே சொல்லிவிட்டார்.